ஈடும் ஓட்டமும்: ஜொகூரின் செம்பனை ஆலைகளில் காலமும் ரசாயனமும்

ஜொகூர் பாரு நகரத்துக்குக் கிழக்கே, மலாய்த் தீபகற்பத்தையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் ஜலசந்தியின் கரையில், பாசிர் கூடாங் என்னும் தொழில்நகரம் அமைந்திருக்கிறது. 1977ஆம் ஆண்டில் அங்கே துறைமுகம் தொடங்கிய காலம் முதல், குளுவாங், கூலாய், சிகாமட், கோத்தா திங்கி முதலான வட்டாரங்களின் தோட்டங்களில் விளைந்து, அங்கங்கே உள்ள ஆலைகளில் பிழியப்பட்ட செம்பனை எண்ணெய் லாரி லாரியாக வந்து அந்நகரத்தின் தொட்டிகளை நிறைத்து, சுத்தமாக்கப்பட்டும், பகுக்கப்பட்டும், கொழுப்பமிலமாகவும் கிளிசரினாகவும் எரிபொருளாகவும் உருமாறியும் உலகச் சந்தைகளுக்குக் கப்பலேறி வருகிறது. இந்த வளத்தைப் பற்றிப் பேசுவோர் ஏற்றுமதித் தொகையையும் தோட்டங்களின் பரப்பையும் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். வளத்துக்கெல்லாம் ஆதாரமான ரசாயன மாற்றங்கள் எந்த முறையில் நடத்தப்படுகின்றன, அம்முறை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதனால் மனிதனுடைய உழைப்புக்கும் அறிவுக்கும் என்ன நேர்ந்தது என்ற கேள்விகள் பொதுவான வாசகர்களின் கவனத்துக்கு வருவதே அரிது. இந்த மண்ணில் முதலில் பால் மரங்களையும் பின்னர் செம்பனைகளையும் வளர்த்த உழைப்பில் பெரும்பங்கு தமிழர்களுடையதாக இருப்பதால், அவ்வுழைப்பின் விளைபொருள் ஆலைக்குள் நுழைந்தபின் அடையும் கதியைத் தமிழிலே ஆராய்ந்து அறிவது நமக்குரிய கடமை என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

1. இரு வழிகள்

ஒரு பதார்த்தத்தை வேறொரு பதார்த்தமாக மாற்றும் வினைகள் எத்தனையோ இருந்தபோதிலும், அவற்றை நடத்தும் விதங்கள் அடிப்படையில் இரண்டேதான். வேண்டிய பொருள்களையெல்லாம் அளந்து ஒரு கலத்தில் இட்டு, மூடி, சூடேற்றி, கலக்கி, குறித்த நேரம் காத்திருந்து, விளைவை வெளியே எடுத்து, கலத்தைக் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது ஒரு விதம். வீட்டில் இட்லிப் பானையிலிருந்து ஓர் ஈடு இறக்கிய பிறகே அடுத்த ஈடு ஏற்றுவது போன்ற இதனை ஈடு முறை என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். பொருள்களைக் குழாயின் ஒரு முனையில் இடைவிடாமல் செலுத்தி, அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே கலந்து சூடாகி வினைபுரியச் செய்து, மறுமுனையில் விளைவை இடைவிடாமல் பெற்றுக்கொள்வது மற்றொரு விதம். இதனை ஓட்ட முறை எனலாம்.

இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் வெறும் வேகத்தைப் பற்றியதன்று. காலத்தோடு பொருளுக்கு உள்ள சம்பந்தத்தைப் பற்றியது. ஈடு முறையில் பொருள் ஓரிடத்தில் நிற்க, காலம் அதன்மேல் கடந்து செல்கிறது. முதல் நிமிஷத்தில் கலத்தில் இருப்பது ஒன்று, அறுபதாவது நிமிஷத்தில் இருப்பது வேறொன்று. ஓட்ட முறையிலோ குழாயின் ஒவ்வோர் இடமும் மாற்றத்தின் ஒரு குறிப்பிட்ட கணத்துக்கு நிரந்தரமாக உரியதாகிவிடுகிறது. 100 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள ஒரு குழாயில் நிமிஷத்துக்கு 10 மில்லிலிட்டர் வீதம் திரவத்தைச் செலுத்தினால், அதன் ஒவ்வொரு துளியும் உள்ளே சராசரியாக 10 நிமிஷம் தங்கும். குழாயின் நடுவில் எந்த வேளையில் அளந்து பார்த்தாலும் ஐந்து நிமிஷ வயதுடைய பொருளே அங்கே இருக்கும். அதாவது, காலம் நீளமாக மாற்றப்பட்டுவிட்டது. வினைக்கு இன்னும் சிறிது நேரம் வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பதற்கில்லை. ஒன்று குழாயை நீட்ட வேண்டும், அல்லது ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது உஷ்ணத்தைப் பற்றியது. உருளை வடிவான ஒரு கலத்தின் சுவர்ப்பரப்பை அதன் கொள்ளளவால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், நான்கை விட்டத்தால் வகுத்த தொகையாகும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஆலைக் கலத்தில் ஒவ்வொரு கன மீட்டர் திரவத்துக்கும் இரண்டு சதுர மீட்டர் சுவரே கிடைக்க, ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 4,000 சதுர மீட்டர் சுவர் கிடைக்கிறது. உஷ்ணம் உள்ளே வருவதும் வெளியே போவதும் சுவரின் வழியாகவே என்பதை நினைத்தால், ஆய்வுக்கூடத்தின் சிறு குடுவையில் சாதுவாக நடந்துகொண்ட ஒரு வினை, பெருங்கலத்தில் கட்டுக்கடங்காமல் கொதித்தெழுவதற்கும், அதே வினை குறுகிய குழாயில் அடங்கி நடப்பதற்கும் காரணம் விளங்கும்.

இரண்டாவது விளைவு சமத்துவத்தைப் பற்றியது என்று சொல்லலாம். ஈடு முறையில் கலத்துக்குள் இட்ட எல்லாத் துளிகளும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகின்றன. இது அம்முறையின் உண்மையான பெருமை. ஓட்ட முறையில் அப்படியன்று. சில துளிகள் நேர்வழியாக விரைந்து வெளியேற, சில துளிகள் மூலைகளில் சுழன்று தாமதிக்கின்றன. இந்தத் தங்குநேர வேறுபாட்டைக் கணித ரீதியாக ஆராய்ந்து 1953இல் டென்க்வெர்ட்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி வெளியிட்ட ஆய்வு, ரசாயனப் பொறியியலின் அஸ்திவாரக் கற்களுள் ஒன்றாயிற்று. துளிகளெல்லாம் அணிவகுத்துச் செல்லும் ஒரு குழாயில் நூற்றுக்கு 99 பங்கு முடிவடையும் ஒரு சாதாரண முதல்வகை (மிஞ்சிய பொருளின் அளவுக்கேற்ப வேகம் அமையும்) வினையை, நன்றாகக் கலக்கப்படும் ஒரே தொட்டியில் ஓட்டமாக நடத்தினால், அதே பலனைப் பெற ஏறத்தாழ 21 மடங்கு பெரிய தொட்டி வேண்டும். ஆனால் பத்துச் சிறு தொட்டிகளை வரிசையாகத் தொடுத்துவிட்டால், மொத்தத்தில் குழாயைக் காட்டிலும் கால் பங்கு சற்று மிகுதியான கொள்ளளவே போதும். ஓட்ட முறை என்றவுடனேயே எல்லாம் சீராகிவிடும் என்று நம்புவது பேதைமை என்பதையும், பாத்திரத்தின் உருவமே அங்கே விதியை நிர்ணயிக்கிறது என்பதையும் இந்தக் கணக்கு நன்கு உணர்த்தும்.

2. குலையை அவிக்கும் கலை

செம்பனை ஆலையில் முதல் ரசாயனப் பிரச்சினை எண்ணெயைப் பிழிவதற்கு முன்பே தோன்றிவிடுகிறது. பழுத்த பழம் அடிபட்ட மாத்திரத்தில் அதன் சதையிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதி வேலை செய்யத் தொடங்கி, கொழுப்பைத் தனி அமிலங்களாகச் சிதைக்கிறது. அந்த அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்பட்டால் எண்ணெய் தரம் கெட்டதாகக் கருதப்படும். ஆகவே குலை தோட்டத்திலிருந்து வந்ததும் தாமதமின்றி நீராவியில் அவிக்கப்படுகிறது. அவிப்பதால் நொதி செயலிழக்கிறது. பழம் காம்பிலிருந்து எளிதில் உதிரும் நிலைக்கு வருகிறது. சதையும் இளகிப் பிழிவதற்குப் பக்குவமாகிறது.

இந்தக் காரியம் தலைமுறை தலைமுறையாக ஈடு முறையிலேயே நடந்து வந்தது. குலைகளை இரும்புக் கூண்டு வண்டிகளில் நிரப்பி, தண்டவாளத்தின்மீது தள்ளிக்கொண்டுபோய், படுக்கை வாட்டத்தில் கிடக்கும் நீண்ட உருளைக் கலத்துக்குள் நுழைத்து, கதவை அடைத்து, சுமார் மூன்று பார் மிகையழுத்தத்தில், அதாவது 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய உஷ்ணத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீராவியைச் செலுத்துவார்கள். கலத்துக்குள் சிக்கிய காற்று குலையைச் சுற்றி உஷ்ணத்தை மறிக்கும் திரைபோல் நிற்குமாதலால், அழுத்தத்தை ஏற்றி இறக்கி, மறுபடியும் ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை ஏற்றி நிலைநிறுத்துவது வழக்கம். ஜொகூரின் வரலாறும் இந்த நுணுக்கத்தோடு ஒருவகையில் பிணைந்திருக்கிறது: 1981இல் குளுவாங் வட்டாரத்துப் பாமோல் தோட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட ஒரு சிறு வண்டு மகரந்தச் சேர்க்கைக்காக விடப்பட்டது, அதன் பயனாகக் காய்ப்புப் பெருகிக் குலைகள் முன்னிலும் நெருக்கமாகப் பழம் பிடித்தன. குலை நெருங்க நெருங்க அதன் உள்நடுவுக்கு உஷ்ணம் சென்று சேர்வது கடினமாகும். தோட்டத்தில் நிகழும் ஒரு நன்மை ஆலையில் ஒரு புதிய சிரமமாகத் தலையெடுக்கும் இத்தகைய சந்தர்ப்பங்களில்தான், முறையைப் பற்றிய சிந்தனை கூர்மையடைகிறது.

ஈடு முறையின் குறைகள் ஆலைத் தொழிலாளர்கள் நன்கு அறிந்தவையே. கூண்டுகளை நிரப்புவதும் இழுப்பதும் தூக்கிக் கவிழ்ப்பதும் கடும் உழைப்பும் அபாயமும் நிறைந்த வேலைகள். அழுத்தம் நிறைந்த கலத்தின் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கலத்தில் நீராவியை ஏற்றும்போது கொதிகலனின்மீது திடீரென்று பெரும் பாரம் விழுந்து, அடுத்த வேளையில் அப்பாரம் இல்லாமற் போகிறது. சக்கையையும் ஓட்டையும் எரித்து நீராவி உண்டாக்கும் ஆலைக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஓயாத தொல்லையாகும். மேலும், அவித்தலுக்கு அடுத்த நிலையில் பழத்தைப் பிழியும் வேலை, பழைய நீர்விசை அழுத்திகள் மறைந்து திருகு அழுத்திகள் வந்தபோதே ஓட்ட முறைக்கு மாறிவிட்டது. வாயில் மட்டும் ஈடாகவும் உள்ளே ஓட்டமாகவும் இருக்கும் ஆலை, தன் இயல்பிலேயே முரண்பட்ட ஒன்றாக இருந்தது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சியில் முன்னின்ற மலேசியப் பொறியியலாளர்களுள் சிவசோதி கந்தையா குறிப்பிடத்தக்கவர். முதலில் அவித்தல் கலங்களைத் தானியங்கு முறையில் கட்டுப்படுத்துவதைப் பற்றி ஆராய்ந்த அவர், பின்னர் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் ரொஹாயா முகமது ஹாலிம், யூசோப் பசிரோன் ஆகியோரோடு சேர்ந்து, குலைகளைத் தொடர்ச்சியாக அவிக்கும் புதிய ஏற்பாட்டைப் பற்றிய ஆய்வுரையை 2005இல் வெளியிட்டார். அதன் உட்கருத்து எளிமையும் அழகும் வாய்ந்தது. நெருங்கிய குலையின் நடுவுக்கு நீராவியைத் தள்ளத்தானே உயர்ந்த அழுத்தம் தேவைப்படுகிறது? குலையையே இரட்டை உருளைகளுக்கிடையே நசுக்கிப் பிளந்துவிட்டால், அழுத்தமின்றிச் சுமார் 100 டிகிரி உஷ்ணத்திலுள்ள நீராவியே உள்ளே சென்றுவிடும். அழுத்தம் தேவையில்லையென்றால் கனத்த கதவும் தேவையில்லை. கதவு இல்லையென்றால் குலைகள் நகரும் சங்கிலிப் பட்டையின்மீது ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற எந்தத் தடையும் இல்லை. நசுக்குவதால் நொதி கிளர்ந்தெழுமே என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை. நசுங்கிய பழம் உடனுக்குடன் நீராவிக்குள் செல்வதால், நொதி சேதம் விளைவிக்க அவகாசம் பெறுவதில்லை.

ஆயினும் ஈடு முறை இதனால் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குலைகள் பழுத்த அளவிலும் பருமனிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. காயாக வெட்டப்பட்ட குலைக்கு நீண்ட நேரம் வேண்டும், கனிந்த குலைக்குக் குறைந்த நேரமே போதும்; நகரும் பட்டையோ எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தையே அளிக்கிறது. ஈடு முறையில் ஆலைப் பொறுப்பாளர் அன்றைய குலைகளைப் பார்த்து நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் நிதானிக்க முடியும். ஆதலால் நிமிர்ந்து நிற்கும் கலம், சாய்த்துக் கொட்டும் கலம் என ஈடு முறையும் தன்னைச் சீர்திருத்திக்கொண்டு, ஓட்ட முறையோடு இன்றும் போட்டியிட்டு வருகிறது. மூலப்பொருள் எவ்வளவுக்கெவ்வளவு ஒரேசீராக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு ஓட்ட முறை சிறக்கும் என்னும் பொது உண்மை இங்கே நம் கண்முன் பிரத்தியட்சமாகிறது.

3. கொழுப்பைப் பிளக்கும் கோபுரம்

ஓட்ட முறையின் வெற்றியைச் சிறிதும் ஐயத்துக்கிடமின்றிக் காண வேண்டுமானால், எண்ணெயைக் கொழுப்பமிலமாகவும் கிளிசரினாகவும் பிளக்கும் தொழிலைப் பார்க்க வேண்டும். சோப்பு, மெழுகுவர்த்தி, அழகுசாதனப் பொருள்கள், ரப்பர் தொழிலுக்கு வேண்டிய ஸ்டியரிக் அமிலம் ஆகிய பலவற்றுக்கும் தாயாக நிற்பது இவ்வினை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ரசாயன அறிஞர் எர்ன்ஸ்ட் ட்விச்செல் கண்ட முறைப்படி, எண்ணெயையும் நீரையும் ஒரு துணைப்பொருளோடு திறந்த தொட்டியில் சேர்த்து, ஒரு நாளுக்கும் மேலாகக் கொதிக்க வைத்து, அடியில் தங்கிய கிளிசரின் நீரை வடித்துவிட்டு, புதுநீர் சேர்த்து மீண்டும் கொதிக்க வைப்பார்கள். வினை இருதிசையிலும் நடக்கக்கூடியது. பிறந்த கிளிசரின் அங்கேயே கிடந்தால் மாற்றம் பாதிவழியில் சமநிலையை அடைந்து நின்றுவிடும். ஈடு முறையில் அதனை அகற்றுவதற்கு மறுபடி மறுபடி வடித்து நீர் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

1930களில் உருவாகி, கோல்கேட், எமரி என்னும் இரு நிறுவனங்களின் பெயரால் இன்று வழங்கும் ஓட்ட முறை இதற்கு அற்புதமான விடை கண்டது. உயர்ந்த கோபுரம் போன்ற ஒரு கலத்தில், 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய உஷ்ணத்திலும் 50 பார் அழுத்தத்திலும், இலேசான எண்ணெய் கீழிருந்து மேலேயும் கனமான நீர் மேலிருந்து கீழேயும் எதிரெதிராகச் செல்கின்றன. முற்றும் பிளந்துவிட்ட அமிலம் உச்சியை நெருங்கும்போது, கிளிசரினே கலவாத புதுநீரை அது சந்திக்கிறது. எஞ்சியிருந்த சிறு கிளிசரினும் அந்நீரால் கழுவப்பட்டுவிட, வினை திரும்பிச் செல்ல இடமின்றி முன்னேறுகிறது. அந்த உஷ்ணத்தில் துணைப்பொருளும் தேவையில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில், நூற்றுக்கு 98 பங்குக்குக் குறையாத பிளப்பு கிடைத்துவிடுகிறது. திசைகளை எதிரெதிராக அமைப்பது ஓட்டம் இருந்தால் மட்டுமே சாத்தியமாகுமாதலால், இங்கே ஓட்ட முறை பழைய வேலையை வேகமாகச் செய்வதோடு நில்லாமல், நின்றிருக்கும் பாத்திரத்தில் செய்யவே முடியாத ஒரு காரியத்தையும் சாதிக்கிறது. பாசிர் கூடாங்கின் கொழுப்பு ரசாயனத் தொழில் இந்தத் தத்துவத்தின் பலன்களை அனுபவித்து வளர்ந்ததே.

4. ஓட்டத்துக்கு இணங்காதவை

சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைந்தாலோ, இரு முறைகளும் பகையின்றி அருகருகே வாழ்வதைக் காண்கிறோம். பச்சை எண்ணெயின் பசைப்பொருள்களை அமிலத்தால் அகற்றி, நிறத்தை மண்ணால் வெளுத்து, இறுதியில் 240 முதல் 260 டிகிரி உஷ்ணத்தில், காற்று மிகக் குறைந்த வெற்றிடத்தில், நீராவியைப் பாய்ச்சி வாடையையும் எஞ்சிய அமிலத்தையும் நீக்குவார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் எண்ணெய் எவ்வளவு நேரம் சுடப்படுகிறது என்பது இப்போது உயிர்நிலையான கேள்வியாகிவிட்டது. ஏனெனில் 230 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் கிளைசிடில் எஸ்டர் என்னும், உடல்நலத்துக்கு ஊறு செய்யக்கூடிய பொருள் உண்டாகிறது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவு எண்ணெயில் இதற்கு ஒரு கிலோகிராமுக்கு 1,000 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு விதித்தது. வாடை போகும்வரை சுட வேண்டும். நஞ்சு பிறக்குமுன் நிறுத்த வேண்டும். தங்குநேரம் சராசரியில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மூலையில் தேங்கி அதிகநேரம் சுடப்பட்ட ஒரு சிறு பகுதியும் முழு எண்ணெயின் தரத்தைக் குலைக்கக்கூடும். டென்க்வெர்ட்ஸ் ஆராய்ந்த கணிதம், ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குப் போகும் எண்ணெயின் தூய்மையோடு இவ்விதம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இக்காரணத்தாலேயே பல ஆலைகளில் நடுவழியான ஓர் ஏற்பாடு உண்டு. அளந்த எண்ணெய் மேல்தட்டில் விழுந்து, குறித்த நிமிஷங்கள் அங்கே தங்கி, பிறகு முழுவதுமாக அடுத்த தட்டுக்கு இறங்கி, தட்டுத் தட்டாகக் கீழே வந்துசேர்கிறது. ஒவ்வொரு தட்டும் ஓர் ஈடு. தட்டுகளின் வரிசையோ ஓர் ஓட்டம். ஈடு முறையின் கால சமத்துவமும் ஓட்ட முறையின் இடைவிடாத உற்பத்தியும் இங்கே கைகோத்து நிற்பதோடு, செம்பனை எண்ணெய்க்குப் பின் வேறோர் எண்ணெயைச் சுத்திகரிக்க நேர்ந்தாலும் இரண்டும் பெரிதாகக் கலந்துபோவதில்லை.

எண்ணெயைத் திரவமான ஒலீன், திடமான ஸ்டியரின் என இரண்டாகப் பகுக்கும் வேலையில், ஈடு முறையே இன்னும் பெரும்பாலும் அரசோச்சுகிறது. உருகிய எண்ணெயைக் கலத்தில் நிரப்பி, மெல்லக் கலக்கி, பல மணி நேரம் படிப்படியாகக் குளிர்வித்தால், ஸ்டியரின் சிறு படிகங்களாகத் திரளும். பின்னர் வடிகட்டி அழுத்தி, ஒலீனைப் பிரித்தெடுப்பார்கள். படிகம் அவசரத்துக்கு இணங்காது. விரைந்து குளிர்வித்தால் பொடிப்பொடியாகி, தன்னோடு ஒலீனையும் பிடித்துக்கொண்டு வடிகட்டியை அடைத்துவிடும். ஓடும் குழாயிலோ சுவரில் படிந்து வழியையே மறித்துவிடும். திடப்பொருள் தோன்றும் வினைகளெல்லாம் ஓட்ட முறைக்குச் சங்கடம் தருவது உலகெங்கும் கண்ட அனுபவம். பொருளின் இயல்பிலேயே நீண்ட காலம் பொதிந்திருக்கும்போது, அந்தக் காலத்தை நீளமாக மாற்றுவதால் வரும் லாபத்தைக் காட்டிலும் தொல்லையே மிஞ்சுகிறது.

5. சிறு குழாய்களின் காலம்

பயோடீசல் உற்பத்தி, இந்த விவாதத்தின் புதிய அத்தியாயத்துக்கு நல்ல வாயிலாக அமைகிறது. எண்ணெயின் ஒரு மூலக்கூறு மெத்தனாலின் மூன்று மூலக்கூறுகளோடு கூடி, மூன்று மெத்தில் எஸ்டர்களையும் ஒரு கிளிசரினையும் தருகிறது. எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றோடொன்று கலவாத திரவங்களாதலால், வினையின் தொடக்க வேகத்தைத் தீர்மானிப்பது ரசாயனத்தைக் காட்டிலும் கலக்குதலே. பெருங்கலத்தில் 60 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் ஒரு மணி நேரம் கொள்ளக்கூடிய இக்காரியம், திரவங்களை மிக நுண்ணிய இழைகளாகச் சந்திக்கவைக்கும் குறுகிய குழாய்களில் சில நிமிஷங்களில் முடிவதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. பேராலைகளில் வரிசைத் தொட்டிகளும், இடையிடையே கிளிசரினைப் பிரித்தெடுக்கும் கலங்களும் கொண்ட ஓட்ட முறை வழங்குகிறது. நாளுக்கொரு வகை எண்ணெயும் சமையலில் மிஞ்சிய எண்ணெயும் வந்துசேரும் சிற்றாலைக்கோ ஈடு முறையே ஏற்றதாக இருக்கிறது.

மருந்துத் தொழிலில் இம்மாறுதல் மிகவும் பிந்தியே வந்தது. அளவிற் சிறியதாய், வகையிற் பலவாய், ஒவ்வோர் ஈட்டையும் தனித்தனியே சோதித்துச் சான்றளிக்கும் வழக்கமுள்ளதாய் அத்தொழில் இருந்தமையே அதற்குக் காரணம். 2007இல் நோவார்ட்டிஸ் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடமும் சேர்ந்து இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையத்தை ஏற்படுத்தின. 2015இல் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஓர்காம்பி மாத்திரையை ஓட்ட முறையில் தயாரிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதித்தது. அடுத்த ஆண்டில், ஈடு முறையில் ஏற்கெனவே தயாராகிவந்த பிரெசிஸ்டா என்னும் மருந்தை ஓட்ட முறைக்கு மாற்றிக்கொள்ளவும் இசைவு தந்தது. 2022இல் இதற்கான சர்வதேச வழிகாட்டு நெறியும் ஏற்கப்பட்டது. ஈட்டுக்கு முடிவும் எல்லையும் உண்டு, ஓட்டத்துக்கு இல்லை. ஆகவே ஓட்டத்தில் ஒரு பிழை நேர்ந்தால், எந்த நிமிஷத்தில் தொடங்கி எந்த நிமிஷம்வரை வெளிவந்த மருந்தை ஒதுக்குவது என்பதை முன்கூட்டியே வகுத்துவைக்க வேண்டும். இதற்கும் தங்குநேரக் கணிதமே ஆதாரம்.

6. அபாயத்தின் அளவு

எந்த முறை அதிகப் பத்திரமானது என்ற கேள்விக்குச் சரித்திரம் ஒருதலையான விடை தரவில்லை. 1976 ஜூலை 10ஆம் தேதி இத்தாலியில் சேவேஸோ நகரின்மீது கொடிய டையாக்ஸின் நஞ்சு பரவியது, வார இறுதிக்காக ஓர் ஈட்டை அரைகுறையாக நிறுத்தி, கலக்கியையும் அணைத்துவிட்டுப் போனதால். கவனிப்பாரற்ற கலத்தில் உஷ்ணம் மெல்ல மெல்ல ஏறி, வினை வெறிகொண்டு எழுந்தது. ஆனால் 1974 ஜூன் 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 28 பேரை மாய்த்த வெடிப்பு, ஆறு கலங்களை வரிசையாகக் கொண்ட ஓட்ட முறை ஆலையிலேயே நேர்ந்தது. பழுதுற்ற ஐந்தாம் கலத்தை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயால் இணைத்திருந்தார்கள், அக்குழாய் பிளந்தது. ஒரு சுற்றில் மிகச் சிறு பகுதியே வினைபுரியும் தன்மையால், அங்கே எந்த நேரமும் பெருந்தொகையான எரிதிரவம் சூட்டோடும் அழுத்தத்தோடும் சுழன்றுகொண்டிருந்தது.

இவ்விபத்துகளைத் துருவி ஆராய்ந்த ட்ரெவர் கிளெட்ஸ் என்னும் பொறியியலாளர், ஆலையில் வைத்திராத பொருள் கசியவும் முடியாது என்னும் கொள்கையை நிலைநாட்டினார். முன்பு ஒரு டன் அளவு கலத்தில் நின்ற நைட்ரோகிளிசரினை, சீர்திருத்திய ஓட்ட முறையில் ஒரு கிலோகிராம் அளவே உள்ளே இருக்குமாறு செய்ய முடிந்ததை அவர் உதாரணமாக எடுத்துக்காட்டுவது வழக்கம். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் விற்பனைக்கான சரக்கு அன்று. வழியிலே தோன்றி வழியிலே செலவாக வேண்டிய இடைப்பொருளை ஒரு தொட்டியில் சுமார் 40 டன் சேமித்து வைத்ததே பேரழிவுக்கு வித்தாயிற்று. ஆகவே பத்திரத்தைத் தருவது ஓட்டம் என்னும் பெயரன்று. எந்தக் கணத்திலும் உள்ளே நிற்கும் பொருளின் சிறுமையே.

ஜொகூருக்கும் இப்பாடம் அந்நியமானதன்று. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் நதியில் யாரோ சட்டவிரோதமாகக் கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அத்துயரத்துக்கும் ஈடு, ஓட்டம் என்னும் பேதத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் ஒரு முறையின் தகுதியை ஆலைச் சுவருக்குள் மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்பதை அது உரக்கச் சொல்லுகிறது. செம்பனை ஆலைகளின் கழிவுநீருக்கு 1977இல் வந்த மலேசியச் சட்டவிதிகள், அந்நீரின் உயிர்வளித் தேவைக்கான வரம்பை லிட்டருக்கு 5,000 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 1984க்குள் 100ஆகக் குறைத்தன. சட்டம் உறுதியாக நின்றபோது தொழில்நுட்பம் அதற்கேற்ப வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

7. முடிவுரை

மேலே கண்டவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், ஈடு பழமை, ஓட்டம் புதுமை என்று பிரிப்பது பொருந்தாது என்பது விளங்கும். வினைக்குரிய உஷ்ணம் விரைந்து வரவோ போகவோ வேண்டுமா, மூலப்பொருள் ஒரேசீரானதா, திடப்பொருள் தோன்றுமா, ஒரே சரக்கு மிகுதியாக வேண்டுமா, பல சரக்குகள் சிறிது சிறிதாக வேண்டுமா, உள்ளே நிற்கும் பொருள் எவ்வளவு அபாயகரமானது என்னும் கேள்விகளுக்கு அந்தப் பதார்த்தமே தரும் விடைகள்தாம் முறையைத் தீர்மானிக்கின்றன. ஜொகூரின் இந்த ஒரு விளைபொருளே, கொழுப்பைப் பிளக்குமிடத்தில் முழு ஓட்டத்தையும், வாடை நீக்குமிடத்தில் இரண்டின் கலப்பையும், படிகம் பிரிக்குமிடத்தில் ஈட்டையும் வேண்டி நிற்கிறது.

ஆனால் இவ்விரண்டும் மனிதனிடம் கேட்பது ஒன்றல்ல. ஈடு முறை, வேலை நடக்கும்போதே பார்த்து, முகர்ந்து, தொட்டு, நிதானித்துத் திருத்திக்கொள்ள இடம் தருகிறது. அதன் அறிவு தொழிலாளியின் கையிலும் அனுபவத்திலும் வாழ்கிறது. ஓட்ட முறையோ குழாயின் நீளத்தைத் தீர்மானிக்கும் அன்றைக்கே வினையின் வேகமும் உஷ்ணமும் கலப்பும் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறது. அதன் அறிவு கணக்கிலும் வரைபடத்திலும் அளவுகருவியிலும் முன்கூட்டியே சேமிக்கப்படுகிறது. கூண்டு வண்டி தள்ளிய கரங்களுக்கு ஓய்வு கிடைப்பது நல்லதே. எனினும் அந்தக் கரங்களுக்கு உரியவரின் பிள்ளைகள் அந்தக் கணக்கையும் வரைபடத்தையும் கற்காவிட்டால், ஓய்வு வேலையின்மையாகவே முடியும். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ரசாயனப் பொறியியலைக் கற்பித்து வருகிறது. சிவசோதி கந்தையா போன்ற முன்னோடிகளின் ஆய்வுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தோட்டத்து உழைப்பால் இந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய ஒரு சமூகம், அச்செல்வத்தை உருமாற்றும் சாஸ்திரத்திலும் தன் பங்கைப் பெறுவதே நியாயம். அதற்குப் பள்ளிப் பருவத்திலேயே கணிதமும் ரசாயனமும் அச்சமின்றிக் கற்பிக்கப்பட வேண்டும். ஆலைகள் தங்கள் வாயில்களை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இத்தகைய விஷயங்களைத் தெளிந்த தமிழில் விரிவாக எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளில் வேரூன்ற வேண்டும். இவற்றுள் எதுவும் நம் சக்திக்கு அப்பாற்பட்டதன்று.